கூரைமேல் கம்பியைத் தொடும் கை: பத்தாங் காலி வாசகர்களுக்குப் பதில்கள்

பழைய மின்சார இரயில் பெட்டிகளைப் புதுப்பிக்கும்போது மோட்டார், குளிர்சாதனம், பாண்டோகிராப் மூன்றில் எதை முதலில் தொடுவது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். சிலாங்கூர், பத்தாங் காலியிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாண்டோகிராப்பைப் பற்றியவை. தஞ்சோங் மாலிம் – கிள்ளான் துறைமுகப் பாதையில் தினமும் போய்வருபவர்கள் அதைப் பார்த்துக்கொண்டேதானே ஏறுகிறார்கள்! கூரைமேல் மடங்கிக் கிடந்து, எழும்பி, மின்கம்பியை உரசி மின்சாரம் எடுக்கும் கைதான் பாண்டோகிராப். பதில் சொல்பவர்கள் மின் இரயில் பராமரிப்புத் துறையினர்.

கேள்வி: கம்பி செம்பு. அதைத் தொடும் பட்டை மட்டும் ஏன் கரி? அதையும் செம்பில் போட்டால் மின்சாரம் இன்னும் நன்றாக ஓடாதா அண்ணா?
(ஐந்தாம் படிவ மாணவி, பத்தாங் காலி)

பதில்: ஓடும், தங்கச்சி. ஆனால் செம்பும் செம்பும் உரசினால் ஒன்றையொன்று பிராண்டிவிடும். கம்பி பல நூறு கிலோமீட்டர் நீளம். பட்டை ஒரு மீட்டர் சொச்சம். இரண்டில் ஒன்று தேய்ந்தே ஆக வேண்டுமென்றால், அரை மணி நேரத்தில் மாற்றக்கூடியது தேயட்டும் என்பதுதான் கணக்கு. கரிக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. ஓட ஓடக் கம்பியின் அடிப்பக்கத்தில் மெல்லிய கரிப்படலம் படிந்து வழுவழுப்பாகும். பிறகு கம்பியும் அவ்வளவாகத் தேயாது, பட்டையும் மெதுவாகவே தேயும்.

கரி செம்பைப் போல மின்சாரம் கடத்தாது என்பது உண்மைதான். நம் மலேசியக் கொமுட்டர் இரயில் 1995-இல் ஓடத் தொடங்கியதிலிருந்தே 25 கிலோவோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் ஓடுவதால் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. 2 மெகாவாட் எடுக்கும் இரயிலுக்கு 25 கிலோவோல்ட்டில் 80 ஆம்பியர் போதும். அதே சக்தியை 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் எடுக்க 1,333 ஆம்பியர் வேண்டும். சென்னைக் கடற்கரை – தாம்பரம் பாதை 1931-இல் அந்த 1,500 வோல்ட்டில்தான் தொடங்கியது. 1960-களில் 25 கிலோவோல்ட்டுக்கு மாற்றினார்கள். நேர்திசை மின்சாரப் பாதைகளில் கரிக்குள் செம்பை உருக்கி ஏற்றிய பட்டைகள் தேவைப்படும். நம் வகைப் பாதைக்குச் சாதாரணக் கரியே போதும்.

புதுப்பிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: ஒரே பாதையில் சில இரயில்களுக்கு உலோகப் பட்டையும் சிலவற்றுக்குக் கரிப்பட்டையும் போடக்கூடாது. உலோகப் பட்டை கம்பியைச் சொரசொரப்பாக்கும். பின்னால் வரும் கரிப்பட்டை அரத்தில் தேய்த்தது போலக் கரையும். கரியின் தரம் மோசம் என்று விற்றவரைத் திட்டுவார்கள். குற்றவாளி முன்னால் போன இரயில்.

கேள்வி: விடியற்காலை மழையில் கூரைமேல் பளிச் பளிச்சென்று நீலப் பொறி பறக்கிறது. இரயில் பழசாகிவிட்டது என்று அர்த்தமா?
(கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும் வாசகர்)

பதில்: இல்லை. மழையில் அந்தக் கரிப்படலம் கழுவப்பட்டுவிடும். தொடுமுனை ஒரு கணம் விலகினாலும் பொறி வரும். எப்போதாவது தெறிக்கும் சிறு பொறியால் கேடில்லை. வெயில் நாளிலும், ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு பொறி என்று தாளம் தவறாமல் வந்தால்தான் யோசிக்க வேண்டும்: பாண்டோகிராப் கம்பியை மிக மெல்ல அழுத்துகிறது, அல்லது பட்டைகளைத் தாங்கும் அதன் தலை பாரமாக இருக்கிறது. எல்லா இரயில்களும் ஒரே இடத்தில் பொறி விட்டால் கோளாறு கம்பியில்.

கேள்வி: செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். முப்பது வருடம் ஓடிய இரயிலில் பழைய வைர வடிவப் பாண்டோகிராப்பைக் கழற்றிவிட்டு இப்போதுள்ள ஒற்றைக் கை வகையை மாட்டுவதென்றால் என்னென்ன வேலை இருக்கிறது? போல்ட் கழற்றி போல்ட் மாட்டுவதுதானா?
(வாசகர், பத்தாங் காலி)

பதில்: கீழிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். போல்ட் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். மெனக்கெட வேண்டியது அதற்கு முன்னால் அளவெடுப்பதிலும் பின்னால் சோதிப்பதிலும்தான்.

முதல் அளவு, தலை எங்கே நிற்கிறது என்பது. வைர வடிவம் நேராக மேலே எழும். அடிச்சட்டத்தின் நடுவும் கம்பியைத் தொடும் தலையின் நடுவும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும். ஒற்றைக் கையில் முழங்கை ஒரு பக்கமாக மடங்கும். தலை அடிச்சட்டத்தின் நடுவிலிருந்து தள்ளி நிற்கும் மாடல்கள் உண்டு. பழைய துளைகளிலேயே புதியதை உட்கார வைத்தால் தலை முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். இதில் என்ன கேடு? வளைவில் போகும்போது பெட்டியின் நடு வளைவுக்கு உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் தள்ளும். பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டமான போகியின் நடுவுக்கு மேலே உள்ள இடம் மட்டும் தண்டவாளத்தின் நடுவோடு ஒட்டி வரும். அதனால்தான் பாண்டோகிராப்பின் தலை போகிக்கு மேலே இருக்கிறது. அதை நகர்த்தினால், கூரான வளைவில் கம்பி தலையின் ஓரத்துக்குப் போகும். காற்றும் சேர்ந்தால் தலையின் முனையில் வளைந்திருக்கும் கொம்பைத் தாண்டி நழுவும். ஆகவே புதிய அடிச்சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு இடைச்சட்டம் செய்து, தலையைப் பழைய இடத்திலேயே நிறுத்த வேண்டும். நாம் பார்த்தவரை இந்த இடைச்சட்டத்தின் வரைபடத்தில் காட்டும் அவசரம்தான் பின்னால் அதிகச் செலவு வைக்கிறது.

அடுத்து உயரம். மடக்கிப் பூட்டிய நிலையில் கூரையிலிருந்து எவ்வளவு, முழுதாக எழும்பினால் எவ்வளவு என்ற இரண்டையும் பாதையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பாலத்துக்கு அடியில் கம்பி தாழ்ந்திருக்கும். சாலை குறுக்கிடும் இடத்தில் உயர்ந்திருக்கும். இந்த இரண்டு எல்லைக்கு அப்பாலும் கொஞ்சம் மிச்சம் வேண்டும். முழங்கை மடங்கும் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியின் மூடி இருந்தால் அதற்கும் இடைவெளி பார்க்க வேண்டும். 25 கிலோவோல்ட் உள்ள எந்தப் பாகத்துக்கும் பூமியோடு இணைந்த எந்தப் பாகத்துக்கும் நடுவில், நின்ற நிலையில் 270 மி.மீ., ஓட்டத்தில் கண நேரத்துக்கு 150 மி.மீ. என்பது ஐரோப்பிய விதி. நம் ஊர் ஈரத்துக்கும் பல்லி, பாம்புக்கும் அதைவிடத் தாராளமாக விடுவதே நல்லது.

மூன்றாவது, காற்று. பல பழைய வகைகளில் சுருள்வில் கையைத் தூக்கும். காற்றழுத்தம் அதை இறக்கும். புதியவற்றில் ரப்பர் காற்றுப்பை தூக்கும். காற்றை விட்டால் சொந்த எடையில் இறங்கும். காற்றுக் குழாய் அறுந்தால் பழையது மேலேயே நிற்கும், புதியது இறங்கிவிடும். பாதுகாப்புக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஆனால் இதற்குப் பெட்டிக்குள் ஒரு புதிய காற்றுப் பலகை வேண்டும்: வடிகட்டி, நுண்ணிய அழுத்தச் சீராக்கி, ஏறும் வேகத்துக்கும் இறங்கும் வேகத்துக்கும் தனித்தனித் திருகு, பாதுகாப்பு வால்வு, அழுத்தச் சுவிட்ச், மின்காந்த வால்வு. காற்றுப்பைக்கு வழக்கமாக 3 முதல் 4 பார் அழுத்தம் போதும். சாதாரணச் சீராக்கியைப் போட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். அழுத்தம் சற்று நகர்ந்தாலே கம்பியை அழுத்தும் விசையும் கூடவே நகரும்.

கூரையிலிருந்து 25 கிலோவோல்ட் சட்டத்துக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய் மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் வகையாக இருக்க வேண்டும். அதற்குள் தண்ணீர் தேங்கினால் அதுவே கடத்தியாகிவிடும். குழாயின் உள்வழியாகவே மின்சாரம் பாய்ந்து கரிந்துபோகும். பழைய இரயிலின் காற்று உலர்த்தி வேலை செய்கிறதா என்று பாராமல் புதிய பாண்டோகிராப்பை மாட்டுவது வீண். இரவு முழுக்க நின்ற இரயிலில் காற்றுத் தொட்டி காலியாக இருக்கும் என்பதால், பாட்டரியில் ஓடும் சிறு கம்பிரசரையும் சோதியுங்கள். அது கிளம்பாவிட்டால் கை எழும்பாது. கை எழும்பாவிட்டால் பெரிய கம்பிரசருக்கு மின்சாரம் கிடையாது.

நான்காவது, மின் இணைப்பு. கையின் ஒவ்வொரு மூட்டிலும் பேரிங்கைத் தாண்டிப் போகும் பின்னிய செம்புப் பட்டிகள் இருக்கும். மின்சாரம் அவற்றின் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பட்டி அறுந்தால் மின்சாரம் பேரிங்குக்குள் பாயும், உருளைகளில் குழி விழும், மூட்டு இறுகும், கை கம்பியோடு சேர்ந்து ஏறி இறங்காது. செம்புப் பட்டி அலுமினியக் கையைத் தொடும் இடத்தில் வெள்ளீயம் பூசிய முனையோ இருவுலோக வாஷரோ இல்லாவிட்டால், நம் ஈரக் காற்றில் அங்கே வெள்ளைப் பொடி பூத்து இணைப்பு சூடாகும். எஃகு போல்ட் அலுமினியத்தில் இறங்கும் இடத்திலும் இதே கதைதான்.

கட்டுப்பாட்டுச் சுற்றில் ஒரே ஒரு விதியை மறக்கக்கூடாது: கை இறங்கும் முன் முதன்மைச் சர்க்யூட் பிரேக்கர் திறந்திருக்க வேண்டும், அதாவது மின்சாரத்தைத் துண்டித்திருக்க வேண்டும். மின்சுமையோடு கையை இறக்கினால் விலகும் இடைவெளியில் நீண்ட சுடர் எழும்பி, கம்பியை அந்த இடத்திலேயே உருக்கிவிடும். பழைய இரயிலில் காற்றால் அணைக்கும் பிரேக்கர் இருந்தால், கூரையைத் திறந்திருக்கும் இதே வேளையில் அதையும் வெற்றிட வகைக்கு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். இரண்டு முறை கூரையைத் திறப்பதுதான் கூடுதல் செலவு.

கேள்வி: இவ்வளவுக்கும் பணம் இல்லையென்றால்? எதை மட்டும் மாற்றினால் போதும்?
(ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி)

பதில்: நாங்கள் சொல்லும் வரிசை இது. முதலில் அலுமினியத் தாங்கியில் ஒட்டிய கரிப்பட்டையும் அதோடு தானிறங்கிக் கருவியும். அடுத்து தலையும் அதன் வில்களும். கையையும் சட்டத்தையும் மாற்றுவது கடைசி.

தானிறங்கிக் கருவி என்பது எளிய சமாச்சாரம். கரிப்பட்டைக்குள் நீளவாக்கில் ஒரு நுண்குழல், அதில் காற்றழுத்தம். பட்டை உடைந்தாலோ எல்லைவரை தேய்ந்தாலோ குழல் திறந்துகொள்ளும், காற்று ஓடிவிடும், அழுத்தச் சுவிட்ச் பிரேக்கரைத் திறக்கும், கை தானாக இறங்கும். இது இல்லாத இரயிலில் உடைந்த பட்டையின் கூர்முனை கம்பியைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டே போகும். ஓட்டுநருக்குத் தெரிவதற்குள் பல கம்பங்களின் தாங்கிகள் சாய்ந்திருக்கும். ஒரு பட்டை போவதற்கும் ஒரு கிலோமீட்டர் கம்பி போவதற்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சிறு குழலில்தான் இருக்கிறது.

தலையை ஏன் இரண்டாவதாகச் சொல்கிறோம் என்றால், கம்பியின் நெளிவுக்கு ஈடுகொடுப்பது முதலில் தலைதான். பாரமான கை மெதுவாகத்தான் பின்தொடரும். தலை இலேசாகவும் இரண்டு பட்டைகளும் தனித்தனி வில்லில் மிதந்தபடியும் இருந்தால், பழைய சட்டமே 120 கி.மீ. வேகத்துக்கு நன்றாக ஈடுகொடுக்கும். ஒற்றைக் கையின் அழகில் மயங்கிச் சட்டத்துக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுப் பழைய பாரத் தலையை அதன்மேல் வைப்பது வீண் செலவு.

ஆனால் சட்டத்தின் குழாய்களில் விரிசலோ, மூட்டுகளில் தளர்வோ இருந்தால் இந்த வரிசை செல்லாது. அப்போது மொத்தமாக மாற்றுங்கள்.

கேள்வி: கம்பியை எவ்வளவு அழுத்த வேண்டும்? அதை எப்படி அளக்கிறார்கள்? எங்கள் ஆலையில் சுருள்வில் தராசு இருக்கிறது, அது போதுமா?
(மேலே கேட்ட அதே ஃபிட்டர்)

பதில்: போதும். அளவுத்திருத்தம் செய்ததாக இருந்தால் பெரிய டிப்போக்களிலும் அதைத்தான் தொங்கவிடுகிறார்கள்.

25 கிலோவோல்ட் பாதைக்கு நின்ற நிலை விசை 70 நியூட்டன். 60-க்குக் குறையாமல், 90-ஐத் தாண்டாமல். சுமார் ஏழு கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் பலம், அவ்வளவுதான். கூரைமேல் ஆள் ஏறுவதற்கு முன் மேல்கம்பியின் மின்சாரத்தைத் துண்டித்து, பூமியோடு இணைத்து, அனுமதிச் சீட்டைக் கையில் வாங்கியிருக்க வேண்டும். கம்பியே இல்லாத கொட்டகைப் பாதையில் செய்வது இன்னும் நல்லது.

தலையின் நடுவில் கயிற்றைக் கட்டித் தராசை மாட்டுங்கள். கையை எழுப்பி, தராசால் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இழுத்து, பல உயரங்களில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே உயரங்களில் மெதுவாக மேலே விட்டுக்கொண்டு குறியுங்கள். கீழே இழுக்கும்போது உராய்வும் சேர்ந்து எதிர்க்கும். அளவு கூடுதலாக வரும். மேலே விடும்போது உராய்வு கழியும். கீழே இழுக்கையில் 80, மேலே விடுகையில் 62 என்று வந்தால் உண்மையான விசை இரண்டின் சராசரி 71. உராய்வு வித்தியாசத்தில் பாதி, அதாவது 9 நியூட்டன். சராசரி சரியாக இருக்கிறதே என்று திருப்தியடைந்துவிடாதீர்கள். சராசரியைத் திருகி யாரும் சரிசெய்துவிடலாம். உராய்வுதான் மூட்டுகளின் ஆரோக்கியத்தைச் சொல்லும். சென்ற முறையைவிட உராய்வு கூடியிருந்தால் பேரிங்கையும் செம்புப் பட்டியையும் கழற்றிப் பாருங்கள். காற்றழுத்தத்தை ஏற்றி மறைக்கப் பார்த்தால் அடுத்த மாதம் கம்பி தேயும்.

எல்லா உயரத்திலும் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். தாழ்ந்த உயரத்தில் சரியாக இருந்து உயர உயரக் குறைந்தால், காற்றுப்பை இழுக்கும் கம்பி சுற்றியிருக்கும் வளைதட்டின் அமைப்பில் கோளாறு. தலையின் இடமும் வலமும் தனித்தனியாக அளந்து பாருங்கள். வில் ஒன்று தளர்ந்திருந்தால் தலை சாய்ந்து நிற்கும், ஒரு பக்கப் பட்டை மட்டும் சீக்கிரம் தேயும்.

ஓடும்போது காற்று தலையைத் தூக்குவதால் விசை மாறும். ஐரோப்பிய விதியில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் சராசரி விசை சுமார் 67-க்கும் 97-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று அதிலிருந்து வரும். ஒற்றைக் கை முழங்கை முன்னால் போகும்போதும் பின்னால் போகும்போதும் ஒன்றுபோல நடந்துகொள்ளாது. ஓட்டச் சோதனையை இரண்டு திசையிலும் செய்யாத அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: புதிதாக மாற்றிய சில மாதங்களில் பாண்டோகிராப் காரணமே இல்லாமல் இறங்கிவிடுகிறது, பட்டையைப் பார்த்தால் முழுசாக இருக்கிறது என்று டிப்போவில் பயிற்சியிலிருக்கும் என் மகன் சொல்கிறான். புதிய பொருளே மோசமா ஐயா?
(ஒரு தாயார், உலு சிலாங்கூர்)

பதில்: பொருள் மோசமில்லை அம்மா. தானிறங்கிக் கருவி தன் வேலையைத்தான் செய்கிறது; காற்று எங்கோ கசிகிறது. பட்டையை விட்டுவிட்டு அதற்குப் போகும் மெல்லிய குழாயைத் தேடச் சொல்லுங்கள். தலை ஆடும்போதெல்லாம் அந்தக் குழாயும் ஆடும். கட்டிய கொக்கியில் உரசி உரசி, ஓட்டத்தில் மட்டும் திறக்கும் மயிரிழை ஓட்டை விழுந்திருக்கும். நின்ற இரயிலில் சோதித்தால் தெரியாது. கையை எழுப்பி, சோப்பு நுரை தடவி, தலையைக் கையால் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். குமிழி வரும்.

அங்கே இல்லையென்றால் இணைப்பு முனையின் ரப்பர் வளையம். கூரைமேல் மத்தியான வெயிலில் ரப்பர் சீக்கிரம் கெட்டிப்படும். அதுவும் இல்லையென்றால் பட்டையிலேயே, கரி அலுமினியத்தோடு ஒட்டிய பசை ஓரத்தில் விட்டிருக்கும். கண்ணுக்குப் பட்டை முழுசாகவே தெரியும். விரல் நகத்தால் தட்டினால் விட்ட இடத்தில் சத்தம் மாறும்.

பல இடங்களில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. அடிக்கடி இறங்குகிறதென்று தானிறங்கியின் அடைப்புத் திருகை மூடிவிட்டு இரயிலை ஓட விடுவார்கள். அந்தத் திருகு இருப்பது பழுதான இரயிலைச் சேவையிலிருந்து எடுத்து டிப்போவுக்குக் கொண்டுவர மட்டும். மூடிய திருகோடு மறுநாளும் பயணிகளை ஏற்றினால், கருவிக்குக் கொடுத்த பணம் தண்டம்.

கேள்வி: ஒரே இடத்தில் தினமும் குளிர்சாதனம் நின்று, சில விநாடி கழித்து மறுபடி ஓடுகிறது. பாண்டோகிராப் கோளாறா?
(மாணவர்)

பதில்: இல்லை தம்பி. அடுத்தடுத்த துணைமின் நிலையங்கள் தரும் மின்சாரம் ஒன்றுக்கொன்று கலக்காமலிருக்க, நடுவில் மின்சாரமே இல்லாத ஒரு துண்டுக் கம்பி இருக்கும். அதற்கு முன்னால் பிரேக்கர் திறக்கும், தாண்டியதும் மூடும். பாட்டரி விளக்கு மட்டும் எரியும்.

கேள்வி: இரண்டு இரயிலை ஒன்றாகப் பூட்டி ஓட்டும்போது இரண்டு கையும் எழும்பியிருக்கிறதே. ஒன்று போதாதா?
(அதே மாணவர்)

பதில்: ஒவ்வொரு தொகுதிக்கும் தனி மின்மாற்றி என்பதால் இரண்டும் தேவை. ஆனால் நீ கேட்டது நல்ல இடத்தில் போய்த் தொடுகிறது. முன் கை கம்பியைத் தூக்கி விடும்போது கம்பியில் அலை ஓடும். 120 சதுர மி.மீ. செம்புக் கம்பியை 12 கிலோநியூட்டன் விசையில் இழுத்துக் கட்டியிருந்தால் அந்த அலையின் வேகம் மணிக்குச் சுமார் 380 கி.மீ. இரயிலைவிட மிக வேகம். ஆனால் தாங்கிகளில் பட்டுத் திரும்பிவரும். பின் கை எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் கம்பியைத்தான் சந்திக்கிறது. அதனால் பொறியும் தேய்மானமும் பின் கையில் அதிகம். புதுப்பித்த தலையைச் சோதிக்கும்போது பின்னால் உள்ள கையில்தான் படக்கருவியை வைக்க வேண்டும். முன் கை எப்படியும் தேர்ச்சி பெற்றுவிடும்.

இன்னொன்று. இரண்டு கைகளையும் கூரைமேல் உயர்மின் கேபிளால் இணைத்திருந்தால், மின்சாரமற்ற அந்தத் துண்டை இரண்டு பக்கமும் பாலம் போட்டு இணைத்துவிடும் ஆபத்து உண்டு. கைகளுக்கு இடையேயான தூரத்தை மாற்றும் எந்தப் புதுப்பிப்பும் பாதைக்காரர்களின் ஒப்புதல் இல்லாமல் நடக்கக் கூடாது.

கேள்வி: கூரைமேல் உள்ள பீங்கான் இன்சுலேட்டரை மாற்ற வேண்டுமா? இங்கே பிற்பகலானால் இடி மழை.
(வாசகர், பத்தாங் காலி)

பதில்: விரிசல், உதிர்ந்த விளிம்பு, பளபளப்பு போன மேற்பரப்பு இருந்தால் மாற்றுங்கள். மாற்றினால் சிலிக்கான் ரப்பர் உறையிட்ட வகைக்குப் போவதே எங்கள் தேர்வு: எடை குறைவு, கல் பட்டால் உடையாது, தண்ணீர் படலமாகப் பரவாமல் துளியாக நிற்கும். ஒரே குறை, நிழலான பக்கத்தில் நம் சீதோஷ்ணத்தில் பச்சைப் பாசி பிடிக்கும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். கம்பி நார், பெட்ரோல் வகை எதுவும் கூடாது. செம்பனை ஆலைப் புகை படியும் பகுதியில் ஓடும் இரயில்களுக்குக் கழுவும் இடைவெளியைக் குறையுங்கள். மசியும் ஈரமும் சேர்ந்த படலத்தில்தான் மின்சாரம் ஊர்ந்து போகும்.

மின்னலுக்குப் பொறி இடைவெளிக் கொம்பு மட்டும் உள்ள பழைய கூரையில், உலோக ஆக்சைடு வகைச் சர்ஜ் அரெஸ்டரைப் போடுவது தவிர்க்க முடியாதது. கொம்பில் பொறி பாய்ந்தால் துணைமின் நிலையமே துண்டித்துக்கொள்ளும், அந்தப் பகுதி இரயில் எல்லாம் நிற்கும். அரெஸ்டர் மிகை மின்னழுத்தத்தை மட்டும் பூமிக்கு விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதன் பூமிக் கம்பி நீளம் குறைவாகவும் வளைவு இல்லாமலும் ஓட வேண்டும்.

கேள்வி: பட்டையை எப்போது மாற்றுவது? தேதி பார்த்தா?
(சுருக்கமாகக் கேட்ட ஒருவர்)

பதில்: அளவு பார்த்து. தயாரிப்பாளர் தந்த குறைந்தபட்சத் தடிப்பை, பட்டையின் மிக மெல்லிய இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள்; நடுவில் அல்ல. நேர்ப்பாதையில் கம்பியை நடுக்கோட்டின் இரு பக்கமும் சுமார் 200 மி.மீ. மாற்றி மாற்றி இழுத்துக் கட்டியிருப்பது, பட்டை முழு அகலத்திலும் சீராகத் தேயத்தான். ஒரே இடத்தில் பள்ளம் விழுந்தால் பட்டையை மாற்றுவதோடு விடாமல் பாதைக்காரருக்கும் எழுதுங்கள். அடுத்த பரிசோதனைக்குள் தேயக்கூடிய அளவையும் கழித்துப் பார்த்து, மிச்சமில்லை என்றால் இன்றே மாற்றுங்கள். ஒரு தலையின் இரண்டு பட்டைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் இருந்தால் உயரமானது மட்டும் வேலை செய்யும். நின்ற இரயிலில் குளிர்சாதனம் ஓடும்போது கம்பியின் ஒரே புள்ளி வழியாக மின்சாரம் போவதால், 25 கிலோவோல்ட்டில் நின்ற நிலை எல்லை ஒரு கைக்கு 80 ஆம்பியர். நிலையத்தில் நீண்ட நேரம் நிற்கும் இரயில்களில் பட்டையில் கருகிய புள்ளிகளைத் தேடுங்கள்.

கேள்வி: எங்கள் செம்பனைக் காடு தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. அலுமினியக் கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுகிறோம். எவ்வளவு தூரம் விலக வேண்டும்? கம்பி அறுந்து விழுந்தால் என்ன செய்வது?
(மண்டோர், பத்தாங் காலி அருகே)

பதில்: கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். 25 கிலோவோல்ட் இடைவெளியைத் தாண்டிப் பாயும். ஆளோ கழியோ வெட்டிய மட்டையோ மேல்கம்பிக்கு 3 மீட்டருக்குள் வரவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழி நீளத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. கழி கை நழுவிச் சாய்ந்தால் முனை எங்கே விழும் என்று பார்த்து வரிசையை முடிவு செய்யுங்கள். வேலியை ஒட்டிய முதல் வரிசை உயரமாகிவிட்டால், இரயில் நிர்வாகத்திடம் சொல்லி மின்சாரம் நிறுத்திய நேரத்தில்தான் வெட்ட வேண்டும். மழையில் கண்ணாடியிழைக் கழியையும் நம்பாதீர்கள்.

கம்பி அறுந்து தொங்கினால் அதில் மின்சாரம் இல்லை என்று யாரும் முடிவு செய்யக்கூடாது. துண்டித்த பிரேக்கரைக் கட்டுப்பாட்டு அறையில் மறுபடி மூடிப் பார்ப்பது வழக்கம். ஒருமுறை அணைந்த கம்பியில் அடுத்த நிமிடம் மின்சாரம் வரலாம். பத்து மீட்டருக்கு அப்பால் நின்று, மற்றவர்களையும் மாட்டையும் தடுத்து, அருகிலுள்ள நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பக்கத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துச் சொன்னால் ஆட்கள் நேராக அங்கே வந்துவிடுவார்கள்.